தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகளுக்கு

தை பிறந்தால் களக்காட்டுப் பக்கம் கல்யாணம் ஓயாது. தாலி ஏறிய பிள்ளைகளில் பாதிப்பேர் மறுவீடு முடிந்த கையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி ஏறிவிடுகிறீர்கள். எல்லாரையும் உட்காரவைத்துப் பேச நேரமில்லை என்பதால் எழுதித் தருகிறேன். பெரியப்பா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. துட்டி வீட்டுக்கு நேரில் போங்கள். கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் மொய்யைக் கொடுத்தனுப்பலாம். சாவுக்கு அப்படி ஆள் மாற்ற முடியாது. எடுப்பதற்குள் வந்துசேர முடியவில்லையா, பதினாறாம் நாளுக்குள் ஒரு நடை வாருங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள். வாட்ஸப்பில் இரங்கல் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வருஷக்கணக்காக முகம் கொடுக்காத சொக்காரர்கள் துட்டி வீட்டு வாசலில் மறுபடி பேசத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

2. மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்குச் செய்தவர் வீட்டு விசேஷம் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

3. சொன்ன சொல்லைச் சின்னதென்று தள்ளாதீர்கள். நமக்குப் பக்கத்து ஊர் திருக்குறுங்குடி. அங்கே நம்பி கோயிலில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கிறது. அழியும் நிலைக்கு வந்த அந்த நாடகத்தைப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999-ல் மறுபடி மேடை ஏற்றினார்கள். ஊருக்கு வரும் தேதியை ஒரு வருஷமாவது அதற்கேற்ப வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து பாருங்கள்.

சொல் தவறாத ஒருவரைப் பற்றிய நாடகம் அது. கதை தெரிந்ததுதான். பாணர் குலத்து நம்பாடுவான் நம்பியைப் பாடப் போகிறார். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். ‘பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் தின்றுகொள்’ என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர் போகிறார். பாடி முடித்துத் திரும்பும்போது ஒரு கிழவர் குறுக்கே வந்து, ‘ராட்சசனுக்குக் கொடுத்த வாக்குக்கு உயிரை விடுவார்களா, வேறு வழியாகப் போ’ என்கிறார். வந்தவர் அந்த நம்பிப் பெருமாளேதான். கடவுளே விட்டுவிடச் சொன்ன சொல்லைக்கூட நம்பாடுவான் விடவில்லை. கடைசியில் அந்தப் பாட்டின் பலனை வாங்கி ராட்சசனே சாபம் நீங்கினான்.

உங்களிடம் யாரும் உயிரைக் கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று ஆச்சியிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். ஆறு மணிக்கு வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னால் ஆறு மணிக்கு வீட்டில் இருங்கள். ஒரு வீட்டில் நம்பிக்கை குறைவது பெரிய பொய்யால் மட்டும் இல்லை. இப்படிச் சின்னச் சின்னதாகச் சொல் தவறியும் குறைகிறது.

4. பையன்களுக்கு: சொதி வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் தேங்காய்ப் பாலில் காய் வேகவேண்டும், முதல் பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கவேண்டும் என்பது பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதுமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அடுப்படியும் இரண்டு பேருக்கும் பொது.

5. பெற்றவர்களுக்குப் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஏத்தன் வாழைக்குக் காற்று வருமுன் முட்டுக் கொடுக்கிறோம். மரம் சாய்ந்தபின் கம்பு எதற்கு? அப்பா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் படுத்தபின் விமானம் பிடிப்பதைவிட, நடக்கத் தெம்போடு இருக்கும்போது கூட்டிப்போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது.

6. இதை வருத்தத்தோடு எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே சாதிக்காக வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டோடு பள்ளிக்கு வரக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கை பள்ளிக்கூட வாசல் வரைதான் வரும். அந்தக் கயிற்றைப் பிள்ளைக்கு வாங்கித் தருவதும், கட்டியிருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போவதும் வீட்டில் நடக்கிறது. நாளை உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அதைக் கட்டாதீர்கள், கட்டும் மாமாவையும் சித்தப்பாவையும் தடுங்கள். சாதியால் கோயிலுக்குள் போகமுடியாத நம்பாடுவான் வெளியே நின்று பார்ப்பதற்காகக் கொடிமரத்தையே நம்பி விலக்கினார் என்று சொல்லும் ஊர்ப்பக்கம் இது. பங்குனி உத்திரத்தன்று ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக் குடும்பங்கள் பொங்கலிடுவதும் இங்கேதான். பிள்ளையை அங்கே கூட்டிப்போய்ப் பக்கத்து அடுப்புக்காரர் பிள்ளையோடு விளையாட விடுங்கள்.

7. கூடப்பிறந்தவள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்குமுன் கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத்திருத்தம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. அப்படியிருந்தும் இன்றைக்கும் வயலையும் வாழைத்தோட்டத்தையும் பிரிக்கும்போது, ‘நகை போட்டாயிற்றே, சீர் செய்தாயிற்றே’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். அவளும் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் போட்டுவிடுகிறாள். மருமகன்களும் கேளுங்கள்: அவள் பங்கை வாங்கிவரச் சொல்லி அவளை நெருக்காதீர்கள். கேட்பதும் விடுவதும் அவள் உரிமை.

பங்கு கொடுத்தாயிற்று, இனி சீர் எதற்கு என்றும் இருந்துவிடாதீர்கள். பாகம் பிரித்த வருஷமும் அவளுக்குப் பொங்கல்படி போகவேண்டும். பனங்கிழங்கையும் கரும்பையும் பார்சலில் போடாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.