ஊசி, கரி, பழைய பனியன்: போர்டு எழுத வீட்டிலேயே ட்ரேஸ் கருவிகள்

ஓர் ஓட்டலுக்குப் பெயர் எழுதும் வேலை ஒரு போர்டோடு முடிவதில்லை. வாசல் போர்டு, ஷட்டர், பக்கச் சுவர், டெலிவரி வண்டியின் 2 கதவுகள் என்று ஒரே பெயரை ஒரே வடிவில் 5 இடங்களில் எழுத வேண்டிவரும். ஒவ்வொரு இடத்திலும் ஏணியில் நின்று கண்ணளவில் எழுத்தை அமைத்தால் ஒன்றில் ‘ழ’ பருத்துவிடும், இன்னொன்றில் கடைசி எழுத்துக்கு இடம் பற்றாது. இதற்குக் கைவசம் உள்ள நல்ல வழி, மேசையில் ஒருமுறை நிதானமாக வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் குத்தி, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிப் பொடி தட்டுவது. தாளை எடுத்தால் எழுத்தின் உருவம் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். பிறகு தூரிகை எடுத்த கைக்கு இடம் பற்றிய கவலை இல்லை; வளைவையும் அழுத்தத்தையும் மட்டும் கவனித்தால் போதும்.

இந்த முறைக்கு நெடிய வரலாறு உண்டு. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் கிடைத்த பழைய தாள்களில் புத்தர் உருவங்கள் ஊசித் துளைகளாக இருக்கின்றன. நம் கரையிலும் இது வழக்கில் இருந்தது. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் உருவாகும் விதத்தை 1742-இல் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் கேர்டூ, படத்தைத் தாளில் வரைந்து, ஊசியால் குத்தி, துணிமேல் வைத்துக் கரிப்பொடி மூட்டையைத் தேய்ப்பதை விவரித்திருக்கிறார். இன்று ஆரி வேலைக்கு ரவிக்கைத் துணியில் ட்ரேஸ் போடுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதையேதான்.

தமிழ் எழுத்துக்கு இது ஸ்டென்சிலைவிடப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டென்சில் வெட்டும்போது ‘அ’, ‘ண’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். அது விழாமலிருக்கப் பாலம் விட வேண்டும். பாலம் விட்ட இடத்தில் எழுத்து உடைந்து தெரியும். ஊசி குத்திய தாளில் அந்தச் சிக்கலே இல்லை.

தாளும் ஊசியும்

பார்சல் சுற்றும் பழுப்புத் தாள் உழைப்புக்கு ஏற்றது. சிறிய, நுணுக்கமான வேலைக்கு ட்ரேசிங் தாள் நல்லது. கீழே உள்ள பரப்பு தெரிவதால் சரியான இடத்தில் பொருத்துவது எளிது. செய்தித்தாள் பொடி தட்டத் தட்டக் கிழியும்.

ஊசிக்குப் பிடி செய்வது சில நிமிட வேலை. தடித்த தையல் ஊசியின் காதுப் பக்கத்தைப் பழைய பால்பாயின்ட் பேனாவின் கூட்டுக்குள் செருகி, எம்-சீல் பிசைந்து அடைத்துவிடலாம். முனை 1 செ.மீ. வெளியே நின்றால் போதும். அதற்கு மேல் நீண்டால் குத்தும்போது ஊசி வளையும். தாளுக்கு அடியில் மடித்த கம்பளியோ தெர்மோகோல் அட்டையோ இருக்க வேண்டும். வெறும் மேசையில் குத்தினால் முனை மழுங்கும், துளையும் முழுதாகத் திறக்காது.

நீண்ட கோடுகளுக்குத் தையல்காரர்களின் பல் வைத்த ட்ரேசிங் சக்கரம் உதவும். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் இன்னும் வசதி. நூல் கோக்காமல் 16-ஆம் எண் ஊசியைப் போட்டு, கோட்டின் மேல் தாளை நகர்த்தினால் சீரான துளை வரிசை கிடைக்கும். தாள் ஊசியைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் அந்த ஊசியைத் துணிக்கு மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

மோட்டாரால் ஊசியை இயக்கித் தாளைத் துளைக்கும் எண்ணம் புதிதல்ல. எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா அப்படித்தான் வேலை செய்தது. அலுவலகக் கடிதங்களை நகலெடுக்க அது பயன்பட்டது. மேலைநாட்டுப் போர்டு ஓவியர்களிடம் இன்னொரு கருவியும் உண்டு. உலோகப் பரப்பின் மேல் தாளை விரித்து, பேனா போன்ற முனையை ஓட்டினால் உயர் மின்னழுத்தப் பொறி தாளில் நுண்துளைகளை எரித்துக்கொண்டே போகும். நியான் விளக்கின் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து இதை வீட்டில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் சில 15,000 வோல்ட் வரை தருபவை. உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் அது.

குத்தும் இடைவெளி

மூன்று சுழி ‘ண’வை எடுத்துக்கொள்வோம். சுழிகளின் உள்வளைவில் துளைகள் ஒன்றரை மி.மீ. இடைவெளியில் நெருங்கி விழ வேண்டும். மேலே ஓடும் நேர்கோட்டில் 4, 5 மி.மீ. விட்டுக் குத்தலாம். கோடு திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் கட்டாயம் ஒரு துளை வேண்டும். அங்கே இல்லாவிட்டால் புள்ளிகளைச் சேர்க்கும் தூரிகை மூலையை உருட்டிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு வட்டத்தோடு நடுவிலும் ஒரு குத்து இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். நீளமான அடிக்கோட்டுக்கு இரு முனைகளைக் குறித்தால் போதும், மீதியை நூல் அடித்துக்கொள்ளலாம்.

குத்தி முடித்ததும் தாளைத் திருப்பி விரலால் தடவினால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிறு பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு துளையை மூடிக்கொண்டு பொடியைத் தடுக்கும். 220-ஆம் எண் உப்புத்தாளால் பின்பக்கத்தை மெல்லத் தேய்த்துவிட வேண்டும். தாளை விளக்குக்கு நேரே பிடித்தால் எல்லாத் துளைகளும் ஒளிவிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இதுதான். பொடி சரியாக விழவில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும், பின்பக்கம் தேய்த்தீர்களா என்றுதான்.

கரை வேலைப்பாடு போல இருபக்கமும் ஒத்த வடிவங்களுக்குப் பாதியை மட்டும் வரைந்து, தாளை நடுவில் மடித்து, இரண்டு மடிப்பும் துளைபடக் குத்தலாம்.

பொடியும் மூட்டையும்

வெளிர் பரப்புக்குக் கரிப்பொடி, கரும் பரப்புக்குச் சாக்பொடி அல்லது டால்கம் பவுடர். கொட்டாங்கச்சிக் கரியோ, இஸ்திரிக் கடைக் கரியோ கிடைத்தால் போதும். அதை இடித்து, சித்த மருந்துக்குச் செய்வது போல வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது மெல்லிய துணியில் சலித்தெடுக்க வேண்டும். சலிக்காத கரியின் பருக்கைகள் துளைகளை அடைத்துவிடும்.

செங்காவியும் துணிக்குப் போடும் நீலமும் பளிச்சென்று தெரியும். ஆனால் கறை பிடித்து மேலே பூசும் வெள்ளை எனாமலைக் கெடுக்கும். பழைய பேட்டரி செல்லை உடைத்து எடுக்கும் கறுப்புப் பொடியைத் தொடவே கூடாது. அதில் பெரும்பகுதி மாங்கனீசு டையாக்சைடு, நுரையீரலுக்குக் கேடு. எந்தப் பொடியானாலும் தட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

பழைய பருத்திப் பனியனை இரண்டாக மடித்து, இரண்டு கைப்பிடிப் பொடியை வைத்து, நூலால் இறுகக் கட்டினால் மூட்டை தயார். வழவழப்பான போர்டில் லேசாகத் தட்டித் தேய்த்தால் போதும். சொரசொரப்பான சுவரில் துளைகளைப் பெரிதாக்கி, அழுத்தித் தட்ட வேண்டும். பள்ளிக்கூட டஸ்டரில் பொடியை ஏற்றியும் தேய்க்கலாம். புழுதி குறைவாகப் பறக்கும்.

சுவரில் ஏற்றுவது

முதலில் எனாமல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் பொடி ஒட்டிக்கொண்டு போகாது. தாளிலும் சுவரிலும் நடுக்கோடு குறித்து, இரண்டையும் பொருத்தி, மேல்விளிம்பை மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுவது என் வழக்கம். அப்போது கீழ்ப்பகுதியைத் தூக்கி, புள்ளி விழுந்ததா என்று பார்த்து, விடுபட்ட இடத்தில் மறுபடி தட்ட முடியும். தாளை எடுத்தபின் மேலதிகப் பொடியை ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் எனாமலில் கரி கலந்து அழுக்கேறும். காற்றடிக்கும் தெருவில் புள்ளிகளை உடனே பென்சிலால் மெல்லச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. இதற்குப் பதிலாகக் கார்பன் தாள் வைத்தால், அதன் மெழுகுப் பசை பெயின்ட் பிடிப்பதைக் கெடுக்கும். ஒரே ஒரு முறை எழுதுவதற்கென்றால் தாளின் பின்புறம் சாக்பீஸைத் தேய்த்து, முன்புறம் பேனாவால் அழுத்தி வரைந்தாலே போதுமானது.

மூலத்தைக் காப்பது

‘ஏதென்ஸின் பள்ளி’ சுவரோவியத்துக்காக இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த, சுமார் 8 மீட்டர் அகலமுள்ள மூலப் படம் மிலான் நகரின் அம்ப்ரோசியானா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. அதன் கோடுகள் ஊசியால் குத்தப்பட்டவை. ஆனால் ஈரச் சுண்ணத்தின் மேல் அதைத் துண்டுபோட்டு வைக்கவில்லை. வேறு தாளுக்குத் துளைகளை மாற்றி, அந்த நகலைத்தான் சுவரில் பயன்படுத்தினார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. போர்டு வேலைக்கும் இது நேராகப் பொருந்தும். வரைந்த தாளுக்கு அடியில் வெற்றுத் தாளை வைத்து இரண்டையும் சேர்த்துக் குத்தினால், அடித்தாள் ஏணிக்குப் போகும், வரைந்த தாள் அலமாரிக்குப் போகும். கடையின் பெயர், எழுத்தின் உயரம், போட்ட நிறங்கள், எழுதிய மாதம் ஆகியவற்றை ஓரத்தில் குறித்து, மடிக்காமல் சுருட்டி வைத்தால், அடுத்த கிளை திறக்கும்போது அதே எழுத்தை அன்றே சுவரில் ஏற்றிவிடலாம்.