கொம்புக்குச் சான்று உண்டா?

கடலோடிகளைப் பற்றிய பாடத்தில் வைக்கிங் வீரன் ஒருவனைக் கரும்பலகையில் வரைந்தேன். தலைக்கவசத்தில் இரண்டு கொம்புகள். "டீச்சர், அப்படி ஒன்று மண்ணில் கிடைத்திருக்கிறதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தேடிப் பார்த்தேன். வைக்கிங் காலத்துக் கொம்புத் தலைக்கவசம் எதுவும் கிடைத்ததில்லை. 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளே அந்தப் படத்தைப் பெரிதும் பரப்பின.

பிழையைத் திருத்த, இங்கிலாந்தின் யார்க் நகரை எடுத்துக்கொண்டேன். 866இல் வைக்கிங் படை கைப்பற்றிய நகர் அது. அங்கே காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்தது. ஈரமான, காற்றுப் புகாத மண் என்பதால் மரமும் தோலும் துணியும்கூட மக்காமல் கிடைத்தன.

அவற்றுள் ஐந்தை அட்டைகளில் வரைந்து குழுக்களுக்குக் கொடுத்தேன்: தோல் காலணி, கம்பளிக் காலுறை, மான்கொம்புச் சீப்பு, மரக்கிண்ணம், கிண்ணம் கடைந்தபின் மிஞ்சிய கட்டை. கேள்விகள் மூன்றுதான். எதனால் ஆனது? யாருக்குப் பயன்பட்டது? எப்படிச் சொல்கிறீர்கள்?

"கட்டை இங்கே கிடக்கிறதென்றால், கிண்ணத்தை இங்கேயே கடைந்திருக்கிறார்கள்" என்றது ஒரு குழு. அதன் பிறகே தெருவின் பெயரை விளக்கினேன். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த பெயர் அது. கிண்ணம் செய்வோர் தெரு என்று பொருள். மண்ணும் பெயரும் ஒன்றையே சொல்வது கண்டு வகுப்பே வியந்தது.

இப்போது நான் எதை வரைந்தாலும், "சான்று என்ன, டீச்சர்?" என்கிறார்கள். என் பாடக்குறிப்பின் முதல் வரியும் அதுதான்.