கடைசி வரிசையும் கற்க: செயலாராய்ச்சி பற்றிய ஏழு தவறான நம்பிக்கைகள்

ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள். ஒருவர் கதைப்புத்தகத்தைச் சரளமாகப் படிக்கிறார். மற்றவர் எழுத்துக் கூட்டியே திணறுகிறார். இந்தக் கற்றல் இடைவெளியைக் குறைக்கத் தலைமை ஆசிரியர்களின் கையில் இருக்கும் நல்ல கருவிகளில் ஒன்று செயலாராய்ச்சி. பி.எட். படிக்கும்போதே பலர் ஒன்றைச் செய்து ஒப்படைத்திருப்பார்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் அதை வலியுறுத்துகின்றன. ஆனாலும் அது பள்ளியின் அன்றாட வேலையாக இன்னும் மாறவில்லை. ஊறிப்போன சில நம்பிக்கைகளே அதற்குத் தடை.

நம்பிக்கை 1: ஆராய்ச்சி பேராசிரியர்களின் வேலை.

உண்மை: செயலாராய்ச்சி களத்தில் நிற்பவர்களுக்காகவே உருவானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற யூத உளவியலாளர் குர்ட் லெவின், 1946-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறுபான்மையினரின் பிரச்சினைகளும் செயலாராய்ச்சியும்தான் அதன் பொருள். ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கம் அதன் பிறப்பிலேயே இருந்தது. 1953-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி, ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் தங்கள் பள்ளியைத் தாங்களே ஆராய வேண்டும் என்று நூல் எழுதினார். ஒரு சிக்கலைக் கண்டறிந்து, ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைக் கவனித்து, திருத்தி, மறுபடியும் செய்வது. வழிமுறை இவ்வளவுதான். எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும் கொள்கையை இங்கே தேட வேண்டியதில்லை. நம் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு எது பலன் தரும் என்று தெரிந்தால் போதும்.

நம்பிக்கை 2: அவன் மெல்லக் கற்பவன், வீட்டிலும் கவனிக்க ஆள் இல்லை. பள்ளி என்ன செய்யும்?

உண்மை: குடும்பச் சூழல் கல்வியை வெகுவாகப் பாதிக்கிறது என்பதை அமெரிக்காவில் 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையே காட்டிவிட்டது. ஆனால் வீட்டுச் சூழலைக் காரணம் காட்டி நிறுத்திக்கொண்டால், நம்மால் சரிசெய்யக்கூடியதும் கண்ணில் படாமல் போய்விடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றில் 52−27 என்ற கணக்குக்கு 35 என்று விடை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்கு முன் விடையை உற்றுப் பாருங்கள். ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2 போக 5. பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போக 3. அடுத்த கணக்கு 64−38. அதற்கு விடை 34. இதே தவறு, இதே ஒழுங்கு. அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரிகிறது. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற தன் விதியையும் பிசகாமல் பின்பற்றுகிறது. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாகக் கடன் வாங்குவது மட்டும் புரியவில்லை. ‘கணக்கு வராது’ என்று சொல்லிவிட்டால் வழி அடைபட்டுவிடும். ‘கடன் வாங்குவது புரியவில்லை’ என்று கண்டுகொண்டால், தீக்குச்சிக் கட்டுகளைக் கொடுத்து நாளைக்கே கற்பிக்கத் தொடங்கலாம். இத்தனை பேருக்கு இந்த இடத்தில் சிக்கல் என்று எண்ணிப் பார்க்கும்போது ஆய்வு தொடங்கிவிடுகிறது.

நம்பிக்கை 3: வகுப்புச் சராசரியும் தேர்ச்சி விழுக்காடும் உயர்ந்தால் இடைவெளி குறைந்துவிட்டது என்று பொருள்.

உண்மை: நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இருபது பேர் சராசரியாக 70 மதிப்பெண்ணும் மற்ற இருபது பேர் 40 மதிப்பெண்ணும் எடுக்கிறார்கள் என்று கொள்வோம். அடுத்த தேர்வில் முதல் இருபது பேர் 84-க்கு உயர, மற்றவர்கள் 40-லேயே நிற்கிறார்கள். வகுப்புச் சராசரி 55-இலிருந்து 62 ஆகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இடைவெளியோ 30-இலிருந்து 44 ஆகிவிட்டது. தேர்ச்சி விழுக்காட்டின் பின்னால் ஓடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 30 மதிப்பெண் எடுப்பவரை 35-க்குத் தூக்கிவிட எல்லோரும் பாடுபடுவார்கள். 10 மதிப்பெண் எடுப்பவர் கைவிடப்படுவார். டெக்சஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் இதே அவலம் நடந்ததை ஜெனிபர் பூஹர்-ஜென்னிங்ஸ் 2005-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஆகவே செயலாராய்ச்சியில் சராசரியோடு, கடைசிக் கால்பகுதி மாணவர்களின் முன்னேற்றத்தையும் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை 4: மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: பகலில் புரியாத பாடத்தை அதே முறையில் மாலையிலும் நடத்தினால் களைப்புதான் மிஞ்சும். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும் நடத்திய ‘பால்சகி’ திட்டம் 2001 முதல் 2003 வரை மதிப்பீடு செய்யப்பட்டது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே சுமார் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அந்தப் பகுதி இளம்பெண்கள் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்பித்தார்கள். பள்ளி நேரம் கூட்டப்படவில்லை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்கியது. மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதும் இதே அடிப்படையில்தான்.

நம்பிக்கை 5: தகவல்கள் எல்லாம் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் ஏற்றியாகிவிட்டது, அது போதும்.

உண்மை: ஏற்றிய தகவலை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும். சிகாகோவின் கதை இதற்குச் சான்று. உயர்நிலைப் பள்ளியை யார் முடிப்பார்கள் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பெரும்பாலும் கணிக்கலாம் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். வருகையும் பாடத் தேர்ச்சியுமே முக்கிய அடையாளங்கள். அதன்பின், தடுமாறும் மாணவர்களின் பட்டியல் பள்ளி முதல்வர்களின் கைக்கு உடனுக்குடன் போனது. ஆண்டு முடியும்வரை காத்திராமல், ஒரு மாணவர் விடுப்பு எடுக்கத் தொடங்கியதுமே அவரிடம் பேசினார்கள். ஒன்பதாம் வகுப்பில் தடம் பிறழாமல் செல்வோரின் விகிதம் 2007-இல் 57 விழுக்காடாக இருந்தது, 2013-இல் 82 விழுக்காடானது. நம் வருகைப் பதிவேட்டிலும் இத்தகைய செய்திகள் உண்டு. திங்கட்கிழமைதோறும் வராத பிள்ளை யார், அறுவடைக் காலத்தில் காணாமல் போகிறவர்கள் யார் யார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நம்பிக்கை 6: ஆய்வறிக்கை வெற்றியில்தான் முடிய வேண்டும்.

உண்மை: முன்தேர்வில் 8, பின்தேர்வில் 16, ஆகவே முயற்சி வெற்றி என்று முடியும் அறிக்கைகள் நமக்குப் பழக்கமானவை. மூன்று மாதத்தில் பிள்ளை வளர்ந்திருக்கிறது, வழக்கமான பாடமும் நடந்திருக்கிறது, வினாத்தாளும் பழகியிருக்கிறது. இதில் நம் முயற்சியின் பங்கு எவ்வளவு? இணையான இன்னொரு பிரிவோடு ஒப்பிடாமல் சொல்ல முடியாது. ‘இந்த வழி பலன் தரவில்லை, இன்ன காரணத்தால்’ என்று நேர்மையாக எழுதும் இரண்டு பக்கம், பக்கத்துப் பள்ளிக்கும் ஒரு பருவத்தை மிச்சப்படுத்தும்.

நம்பிக்கை 7: தலைமை ஆசிரியருக்கு நிர்வாகமே பெரும்பாடு, ஆய்வை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மை: நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் குழுவினரும் பள்ளித் தலைமை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தலைமைப் பணிகளிலேயே மாணவர் கற்றலோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக அவர்கள் கண்டது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைமை ஆசிரியரும் கூடவே பங்கெடுப்பதைத்தான். கால அட்டவணையில் ஒரு பாடவேளையை ஒதுக்கவும், நல்ல ஆசிரியரைப் பின்தங்கிய பிரிவுக்கு அனுப்பவும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரிடம் பேசவும் தலைமை ஆசிரியரால்தான் முடியும். தவறு கண்டுபிடிக்கும் விசாரணையாக ஆய்வு மாறாமல் காப்பதும் அவர் பொறுப்பே. பயந்த ஆசிரியர் உண்மையான மதிப்பெண்ணை எழுத மாட்டார்.

தலைமை ஆசிரியர்களே, அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கைகளைப் படித்து முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரே ஒரு திறன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பின்தங்கிய பிள்ளைகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவர்களுக்காக ஆறு வாரம் எதை மாற்றப் போகிறோம், பலன் கிடைத்ததை எப்படி அறிவோம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். தனி நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.