அருங்காட்சியகமும் பார்வையாளர் பங்கேற்பும்

திருவனந்தபுரம் நகரின் நடுப்பகுதியில் இருவகை அருங்காட்சியகங்கள் உள்ளன. ஒன்று, நேப்பியர் அருங்காட்சியகம். 1857-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பழைய கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, ராபர்ட் சிஷோம் என்னும் கட்டடக்கலைஞரின் திட்டப்படி எழுப்பப்பெற்ற இன்றைய கட்டடம் 1880-இல் நிறைவுற்றது. செப்புத் திருமேனிகள், தந்தச் சிற்பங்கள், மரச் சிற்பங்கள் முதலியன இங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மற்றொன்று, கேரள மாநில அரசு 1984-இல் தன்னாட்சி நிறுவனமாக அமைத்த அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1994-இல் பிரியதர்சினி கோளரங்கமும் இதனுடன் இணைந்தது.

முதலாவதில் தொடாதிருத்தல் கடமை. இரண்டாவதில் தொட்டு இயக்குவதே கல்வி. பழம்பொருளைக் காப்பதும் பார்வையாளரைப் பங்கேற்கச் செய்வதும் ஒன்றையொன்று விலக்குவனவா? தொழில்நுட்பத்தின் துணையால் இரண்டையும் இணைக்க இயலுமாயின், அதற்கான பொதுப்பணத்தை எந்நெறியில் செலவிடுவது? இவ்வினாக்கள் ஆராயத்தக்கவை.

வளர்ந்த வரலாறு

பார்வையாளரே கருவியை இயக்கிக் கற்கும் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் வான் மில்லர் 1903-இல் தோற்றுவித்த அருங்காட்சியகம், 1925-இல் தன் புதிய கட்டடத்தைத் திறந்தது. இயங்கும் மாதிரிகளைப் பார்வையாளர் தாமே இயக்க அங்கு வழி செய்யப்பட்டிருந்தது. 1969-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் இயற்பியலறிஞர் பிராங்க் ஓப்பன்ஹைமர் நிறுவிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் இம்முறையை முழுமையாக்கியது. தன் காட்சிக் கருவிகளின் செய்முறைகளை நூலாக வெளியிட்டுப் பிற நாட்டினரும் செய்துகொள்ள அது உதவிற்று.

இந்தியாவில் 1959-இல் கொல்கத்தாவிலும் 1965-இல் பெங்களூரிலும் தொழில்நுட்ப அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. ஊர்திகளில் ஏற்றிச் சென்று கிராமப்புற மாணவர்க்குக் காட்டும் நடமாடும் கண்காட்சியும் 1965-இலேயே தொடங்கிற்று. 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு அமைந்தபின் இப்பணி நாடெங்கும் பரவியது. வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்வதோடு நில்லாமல், சொந்தப் பணிமனைகளில் அவற்றை உருவாக்கியதே இவ்வியக்கத்தின் சிறப்பு எனலாம்.

பங்கேற்பு என்பது யாது?

பொத்தானை அழுத்தியதும் படம் ஓடுவது பங்கேற்பு ஆகாது. யார் அழுத்தினாலும் அதே படந்தான் ஓடும். பார்வையாளரின் செயலுக்கேற்பக் கருவியின் விடை மாறுதல் வேண்டும். அவ்விடையைக் கண்டு அவர் தம் அடுத்த செயலை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். ஒரே எடையை ஒரு கப்பியாலும், பின் இரண்டு, நான்கு கப்பிகளாலும் தூக்கிப் பார்க்கும் மாணவன் இழுவிசை குறைவதைத் தன் கையாலேயே உணர்கிறான். இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் கூடுவதையும் காண்கிறான். இதற்குக் கணிப்பொறி தேவையில்லை. கோள்களின் இயக்கம் போலக் கையில் எடுத்துக் காட்ட இயலாதவற்றுக்கே திரை தேவைப்படுகிறது. எனவே, கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற பொருளைத் தேடுதல் முறையன்று.

வடிவமைப்பின் படிகள்

செப்புத் திருமேனியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதைத் தொட அனுமதித்தால் கையின் ஈரமும் உப்பும் உலோகத்தை அரிக்கும். ஆயின் அது உருவான முறையை விளக்க இயலும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்த்து, பின் மண் அச்சை உடைத்து உருவத்தை எடுப்பர்.

முதற்படி, பார்வையாளர் அறிந்து செல்லவேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதுதல். "அச்சு உடைக்கப்படுவதால் ஒவ்வொரு திருமேனியும் தனித்தன்மை உடையது" என்பது அவ்வாக்கியமாக இருக்கலாம். இரண்டாம் படி, அதற்கேற்ற செயலைத் தேர்தல். வார்ப்பின் ஐந்து நிலைகளைக் காட்டும் மாதிரிகளைக் கலைத்து வைத்து, உரிய வரிசையில் அடுக்கச் சொல்லலாம். மெழுகை வெளியேற்றுமுன் உலோகத்தை வார்க்கும் நிலையை ஒருவர் வைத்தால், அங்கே என்ன நேரும் என்பதை விளக்கும் படம் ஒளிர வேண்டும். பிழை செய்தவரும் கற்றுச் செல்வார்.

மூன்றாம் படி, இறுதிக் கருவியைச் செய்யுமுன் அட்டையாலும் மரத்தாலும் எளிய மாதிரி ஒன்றைச் செய்து காட்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்தல். எத்தனை பேர் நின்றனர், எவ்வளவு நேரம் நின்றனர் என்பவற்றை அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1928-லேயே அளந்து வெளியிட்டார். இதற்குக் கடிகாரமும் குறிப்பேடும் போதும். அட்டையில் கண்ட குறையைத் திருத்தச் சில ரூபாய் ஆகும். முடிந்த கருவியில் திருத்தப் பல்லாயிரம் ஆகும்.

நான்காம் படி, கூட்டத்தைக் கணக்கிடுதல். 40 மாணவர் கொண்ட வகுப்பு ஒரு மணி நேரம் தங்குகிறது. ஒருவர் கருவியை இயக்க 3 நிமிடம் ஆகிறது எனில், 20 பேருக்கு மட்டுமே வாய்ப்புக் கிட்டும். மீதிப் பேர் பார்த்து நிற்பர். நால்வர் ஒருங்கே செய்யத்தக்க மேசையை அமைத்தால், அதே நேரத்தில் 80 பேர் பங்கேற்கலாம்.

பராமரிப்பின் பொருளாதாரம்

திறப்பு விழாவுக்கு நிதி கிடைப்பது எளிது. பழுது நீக்கக் கிடைப்பது அரிது. திருவனந்தபுரம் இரு பருவமழைகளும் பெய்யும் கடலோர நகரம். காற்றின் ஈரமும் உப்பும் மின் இணைப்புகளை அரிக்கும். இங்குப் பராமரிப்பைத் தள்ளிப்போடுதல் சிக்கனம் ஆகாது.

ரூ. 5 லட்சம் விலையுள்ள கருவி 5 ஆண்டு உழைக்கும் எனவும், ஆண்டுக்கு 50,000 பேர் அதைப் பயன்படுத்துவர் எனவும் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ. 1 லட்சம், பயன்படுத்துவோர் ஒருவருக்கு ரூ. 2 ஆகிறது. பராமரிப்பின்றி அது பாதி நாள் பழுதாகி நின்றால், இச்செலவு ரூ. 4 ஆக உயரும். ஆண்டுக்கு ரூ. 50,000 பராமரிப்புக்கு ஒதுக்கி முழுமையாக இயங்கச் செய்தால், அது ரூ. 3 மட்டுமே. செலவிடாமல் மிச்சப்படுத்தியதாகக் கருதும் தொகை, உண்மையில் இழப்பேயாகும்.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே உதிரிப் பாகங்கள், ஆண்டுப் பராமரிப்பு, பணியாளர் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டும். மென்பொருளைத் திருத்தும் உரிமையும் நிறுவனத்திடம் இருத்தல் வேண்டும். 1973-இல் தோன்றிய கெல்ட்ரான் நிறுவனமும், 1990-இல் அமைந்த டெக்னோபார்க்கும் உள்ள இந்நகரில் தொழில்நுட்ப வல்லுநர்க்குக் குறைவில்லை. ஒவ்வொரு கருவியும் ஆண்டில் எத்தனை நாள் இயங்கிற்று என்பதைப் பதிவு செய்து, ஆண்டறிக்கையில் வெளியிடுதலும் நன்று.

அனைவருக்கும் உரியதாதல்

குமரி மாவட்டப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடும் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்தது. எல்லை கடந்து வருவோருக்கு மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் விளக்கம் தேவை. திரையில் மொழியைக் கூட்டுவது எளிது. புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில், பார்வையற்றோர் தொட்டு அறியும் காட்சிக்கூடம் 2015-இல் திறக்கப்பட்டது. அங்குத் தொடுதற்குரியவை மூலப் பொருள்கள் அல்ல, அவற்றின் படிகளே. காத்தலும் பங்கேற்பும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது சான்றாகும். சக்கர நாற்காலியில் வருவோரும் சிறுவரும் எட்டத்தக்க உயரத்தில் கருவிகள் அமைதல் வேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தொலைவிலுள்ள பள்ளியின் மாணவி ஒருத்தி அருங்காட்சியகத்துக்கு வருவது ஒருமுறையாகவே இருக்கலாம். அன்று அவள் காண்பது "பழுது" என்னும் அட்டையாயின், அவளுக்கு மறுநாள் என்பதில்லை. கருவிகளின் எண்ணிக்கையால் அன்று, அவள் வரும் நாளில் எத்தனை கருவிகள் அவளுக்கு விடை தருகின்றன என்பதாலேயே இம்முயற்சியின் வெற்றியை அளத்தல் தகும்.