அணுக்கருவின் பரப்பை அளத்தல்

1944ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் புதிய அணு உலையொன்று இயங்கத் தொடங்கியது. சில மணி நேரத்தில் அதன் ஆற்றல் தானே குறைந்து, உலை ஓய்ந்துவிட்டது! உலையிற் பிறந்த செனான்-135 என்னும் வாயு நியூட்ரான்களை விழுங்கியதே காரணம். நல்லவேளையாக, தேவைக்கு மேற்பட்ட குழாய்களை முன்பே அமைத்திருந்தனர். அவற்றிலும் யுரேனியத்தை இட்டு உலையை மீட்டனர்.

இவ்விழுங்கும் திறனைக் குறிக்கும் எண்ணே 'குறுக்குவெட்டுப் பரப்பு'. வருகின்ற நியூட்ரானுக்கு ஓர் அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்காகிறது என்பதை அது கூறும். இதன் அலகு 'பார்ன்'. ஒரு சதுர சென்டிமீட்டரை, ஒன்றின்பின் 24 சுழிகளுள்ள எண்ணால் வகுத்தால் வருவது ஒரு பார்ன். மெதுவாகச் செல்லும் நியூட்ரானுக்கு யுரேனியம்-235 பிளவுறும் பரப்பு ஏறத்தாழ 585 பார்ன். செனான்-135 விழுங்கும் பரப்போ ஏறத்தாழ 26 லட்சம் பார்ன்! உருவத்தில் செனான் கருவே சிறியது. ஆகவே இப்பரப்பு கருவின் உருவத்தைக் குறிப்பதன்று. வினை நிகழும் வாய்ப்பைக் குறிப்பது என்பது தெளிவு.

இதனை அளப்பது எங்ஙனம்? நியூட்ரான் கற்றையின் வழியில் மெல்லிய தகடொன்றை வைத்து, வைப்பதற்கு முன்னும் பின்னும் வந்து சேரும் நியூட்ரான்களை எண்ணினால், தகட்டின் மொத்தப் பரப்பு கிடைக்கும்.

ஆனால் தகடே நிலையாதிருப்பின்? தோரியம்-232 ஒரு நியூட்ரானை ஏற்று, புரோட்டாக்டினியம்-233 ஆக மாறி, பின்னர் யுரேனியம்-233 என்னும் எரிபொருளாகிறது. இடைநின்ற புரோட்டாக்டினியத்தின் அரை ஆயுள் 27 நாள்தான். அதைத் தகடாக்கி அளப்பது மிகக் கடினம். மும்பை அறிஞர்கள் வேறு வழி கண்டனர். அங்குள்ள பெலட்ரான் முடுக்கியில், தோரியத்தின்மேல் லித்தியம்-6 கருக்களைப் பாய்ச்சினர். ஆல்ஃபாத் துகள் வெளியேறினால் எஞ்சுவது புரோட்டாக்டினியம்-234. புரோட்டாக்டினியம்-233 ஒரு நியூட்ரானை ஏற்றாலும் பிறப்பது இதுவேயன்றோ! அது பிளவுறும் அளவை, முன்பே நன்கறிந்த யுரேனியத்தின் பிளவோடு ஒப்பிட்டுப் பரப்பைக் கணித்து, 2008இல் வெளியிட்டனர்.

இன்று உலையைக் கட்டுமுன் கணினியிலேயே இயக்கிப் பார்க்கிறோம். கணினி பெருக்கும், கூட்டும். ஆனால் இடப்பட்ட எண் பிழையானால் விடையும் பிழையே. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் உள்ளது. அதனை விளக்கெரிக்கும் ஆற்றலாக்க வேண்டின், இச்சிறு பரப்புகளைப் பொறுமையோடு அளப்போர் வேண்டும். அப்பணி இன்னும் முடிந்தபாடில்லை; நண்பர்களே, அதில் நமக்கும் இடமுண்டு.