இன்சுலினுக்கு எவ்வளவு குளிர் போதும்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதத்தில் அம்மாவின் இன்சுலினை நான் கெடுத்துவிட்டேன். வெயிலில் போட்டுக் கெடுக்கவில்லை, பத்திரமாக வைக்கிறேன் என்று கெடுத்தேன். கத்திரி வெயிலில் வீடே கொதித்தது. மருந்தாவது நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும் என்று எங்கள் ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி வைத்தேன். இரண்டு வாரத்தில், வெறும் வயிற்றில் 140 இருந்த சர்க்கரை 260ஐத் தொட்டது. சோற்றைக் குறைத்தோம், டோஸைக் கூட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கிளினிக்கில் இருந்த நர்ஸ் அக்காதான், “மருந்துப் பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க” என்றார். வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்துக் காட்டினார். ஒரே சீராகப் பால்போல் இருக்க வேண்டிய மருந்தில் ரவை ரவையாகத் துகள்கள் மிதந்தன. கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்ததுபோல் வெள்ளைப் படலம். “இது உறைஞ்சு உருகின மருந்து தம்பி. இதுல பாதி வேலை செய்யுதா, கால்வாசி செய்யுதான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

இன்சுலின் ஒரு பெப்டைடு. 51 அமினோ அமிலங்கள், 21 ஒரு சரத்திலும் 30 இன்னொரு சரத்திலுமாகக் கோக்கப்பட்டு, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்திருக்கின்றன. அந்த மடிப்பு இருக்கும்வரைதான் அது மருந்து. சூடு ஏறினாலும், உறைந்தாலும், வேகமாகக் குலுக்கினாலும் மடிப்பு அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியாததுபோல, இதையும் திருப்ப முடியாது. சூட்டில் சத்து மெதுவாகத்தான் இறங்கும். உறைந்தாலோ ஒரே இரவில் மருந்து வீணாகிவிடும். நம் வீடுகளில் எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. கவனிக்காமல் விடுவதோ இரண்டாவதை.

வாங்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். கடைக்காரர் மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கூடவே 40 யூனிட்டா, 100 யூனிட்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் இரண்டும் விற்கின்றன. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் டோஸே தவறிவிடும். மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாக மருந்தை வாங்கி, நேரே வீட்டுக்கு வாருங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலோ, பூட்டிய காருக்குள்ளோ ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

வீட்டில், திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர் வேண்டும். அதற்குமேல் குளிர்ந்தால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. ஃப்ரீசரிலும், ஃப்ரீசருக்கு அடியில் உள்ள சில் ட்ரேயிலும், பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். நடுத்தட்டில், முன்பக்கமாக, அதன் அட்டைப்பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். மருந்துக்கு வெளிச்சமும் ஆகாது, அதனால் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பிரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நான் வாங்கிவைத்த அன்றுதான் தெரிந்தது: நான் மருந்து வைத்திருந்த மூலையில் ராத்திரியில் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது, நடுத்தட்டிலோ 5. இப்படி வைத்தால், திறக்காத மருந்து பெட்டியில் போட்ட தேதிவரை நிற்கும்.

திறந்த பிறகு அந்தத் தேதியை மறந்துவிடுங்கள். அன்றிலிருந்து வேறு கணக்கு. பெரும்பாலான இன்சுலினுக்கு 28 நாள். டெடெமிர் வகைக்கு 42 நாள், டெக்ளுடெக்கிற்கு 56 நாள், சில கலவை இன்சுலின் பென்களுக்குப் பத்தே நாள். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும், இல்லையென்றால் மருந்தாளரைக் கேளுங்கள். திறக்காமலே வெளியில் எடுத்து வைத்துவிட்டாலும் இந்தக் கணக்குதான் பொருந்தும். திறந்த மருந்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஊசியை ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமி உள்ளே போக வழி இருக்கிறது. அதைத் தடுக்கச் சேர்த்திருக்கும் மருந்தின் வாசனைதான் இன்சுலினில் ஆஸ்பத்திரி நெடியாக வருகிறது. அதன் பலத்துக்கும் எல்லை உண்டு.

வயதானவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். 40 யூனிட் வகையில் 10 மில்லி பாட்டில் என்றால் மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 10 யூனிட் போடுபவருக்கு அது 40 நாள் வரும். “இன்னும் கால் பாட்டில் இருக்கே, காசு கொடுத்து வாங்கினதாச்சே” என்று அம்மாவும் சொன்னார். குறைந்த டோஸ் போடுபவர்கள் 3 மில்லி கார்ட்ரிட்ஜுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் 300 யூனிட்தான் இருக்கும், வீணாவது குறையும். எப்படியானாலும், திறந்த அன்றே மார்க்கர் பேனாவால் பாட்டிலிலேயே இரண்டு தேதிகளை எழுதுங்கள்: திறந்த நாள், தூக்கிப்போடும் நாள்.

பயன்பாட்டில் இருக்கும் மருந்தை 25 அல்லது 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். எது என்பதும் அந்தத் தாளில் இருக்கும். பாட்டிலைத் திரும்பப் பிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் போடுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள், சில்லென்று போட்டால் வலிக்கும். பயன்பாட்டில் இருக்கும் பென்களில் பலவற்றைப் பிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் பென்னை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் ஏறும், மருந்தும் கசியும்.

நம் ஊர் கோடையில் அறைக்குள்ளேயே 30 தாண்டிவிடுமே என்றால், மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. சிறிய பானைக்குள் மருந்தை நனையாமல் டப்பாவில் போட்டு நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்லும். வேலூர், திருச்சி, மதுரைபோல் வறண்ட காற்று அடிக்கும் ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம்போல் கடல் ஈரம் நிறைந்த இடங்களில் அவ்வளவு குளிராது.

ஒவ்வொரு முறையும் போடுவதற்குமுன் பாருங்கள். தெளிவான இன்சுலின் தண்ணீர்போல் இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் வேண்டாம். பால்நிற வகையை உள்ளங்கைகளுக்கிடையே பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாகச் சாய்த்துக் கலக்குங்கள். குலுக்காதீர்கள். கலக்கிய பிறகும் துகளோ படலமோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலே மருந்து நல்லது என்று அர்த்தமில்லை. உறைந்தது என்று தெரிந்தால், பார்க்க எப்படி இருந்தாலும் அது வேண்டாம்.

பயணத்தில் ஐஸ் பாக்கெட்டை மருந்தோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். வாயகன்ற பிளாஸ்க்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, குலுக்கிக் கொட்டிவிட்டு, உள்ளே மருந்தை வைத்து மூடினாலும் போதும். விமானத்தில் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பகுதியில் உறைந்துவிடக்கூடும்.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், மூடியிருந்தாலே சில மணி நேரம் தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள். கென்யாவின் டாகாஹாலே அகதி முகாமில் பகலில் 37 டிகிரிவரை ஏறி இறங்கும் சூட்டை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனிவா பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்சுலினைச் சோதித்தன. 2021இல் முடிவு வெளியானது: நான்கு வாரத்துக்குப் பிறகும் சத்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. இது நெருக்கடி நேரத்துக்கான தைரியம், பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் இப்போது பரவலாகிவரும் செமாக்ளுடைட், லிராக்ளுடைட் ஊசிகளும் பெப்டைடுகள்தான். உறைந்தால் அவையும் வீண். லிராக்ளுடைட் திறந்தபின் ஒரு மாதம் வரும். எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் டெரிபாராடைட்டைத் திறந்த பிறகும் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், பொதுவாக அதற்கும் 28 நாள் கணக்கு. சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்தால் போடும் குளுக்ககான் பொடியாக வருவதற்குக் காரணம், நீர் பட்டால் அது சீக்கிரம் கெடும் என்பதுதான். ஆகவே கரைத்த உடனே போட்டுவிட வேண்டும்.

காரணமே இல்லாமல் சர்க்கரை ஏறினால், டோஸைக் கூட்டும்முன் பாட்டிலைச் சந்தேகியுங்கள். புதிய பாட்டிலைத் திறந்து வழக்கமான டோஸைப் போட்டு, சர்க்கரையைப் பாருங்கள், டாக்டருக்கும் சொல்லிவிடுங்கள். கெட்ட மருந்துக்காகக் கூட்டிய டோஸை நல்ல மருந்தில் அப்படியே போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். அன்று நர்ஸ் அக்கா எங்களைப் பழைய டோஸுக்கே திருப்பி அனுப்பினார். சந்தேகம் வந்தால் உடனே மாற்றிப் பார்ப்பதற்காகவே இப்போது எங்கள் நடுத்தட்டு டப்பாவில், திறக்காத பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும்.