பாடம் 9: சுற்றி வந்த சமிக்ஞை

பிள்ளைகளே, கொலோன் நகரத்துக்குள் போகும்போது காரில் வழி காட்டும் நவியைக் கவனித்திருக்கிறீர்களா? கார் சரியான வீதியில்தான் போகும். நவியோ அதைப் பக்கத்து வீதியில் காட்டும். “அப்பா, நாங்கள் றைன் ஆத்துக்குள்ள நிக்கிறம் எண்டு காட்டுது!” என்று நீங்கள் சிரித்தும் இருப்பீர்கள். ஏன் இப்படி நடக்கிறது?

ஏறக்குறைய 23,000 கிலோமீற்றர் உயரத்தில் ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகள் பூமியைச் சுற்றுகின்றன. அவை நேரத்தைச் சொல்லிச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். சமிக்ஞை ஒளியின் வேகத்தில், ஒரு விநாடிக்கு 300,000 கிலோமீற்றர் வரும். அது வர எடுத்த நேரத்தை வைத்து, செய்மதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நவி கணக்குப் போடும். நான்கு செய்மதிகளாவது தெரிந்தால், கார் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது ஒரு பந்தை நினைத்துப் பாருங்கள். நண்பனுக்கு நேரே எறிந்தால் கெதியாகப் போகும். சுவரில் பட்டுப் போனால் பாதை கூடும், நேரமும் கூடும். சமிக்ஞையும் அப்படித்தான்.

றைன் கரையில் பாரந்தூக்கி போல நிற்கும் மூன்று ‘கிரான்ஹவுஸ்’ கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஏறக்குறைய 60 மீற்றர் உயரம். இப்படியான உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியிலும் இரும்பிலும் சமிக்ஞை பட்டுத் தெறிக்கும். சில நேரம் நேரே வரும் சமிக்ஞையைக் கட்டடம் மறைத்துவிடும்; தெறித்தது மட்டும் வந்து சேரும். அது 30 மீற்றர் சுற்றி வந்தால், ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்குதான் பிந்தும். ஆனால் நவி ஏமாந்துவிடும். செய்மதி இன்னும் 30 மீற்றர் தள்ளி இருக்கிறது என்று நினைக்கும்.

30 மீற்றர் சின்னத் தூரம்தானே என்று கேட்பீர்கள். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் புதிய கார் வகைகளில் ‘ஈ-கோல்’ கருவி இருக்க வேண்டும். பெரிய விபத்து நடந்தால் அது தானாகவே 112ஐ அழைத்து, கார் நிற்கும் இடத்தை அறிவிக்கும். அது பக்கத்து வீதியைச் சொன்னால் அம்புலன்ஸ் வரப் பிந்தலாம்!

அதனால் பொறியியலாளர்கள் நவியைச் சந்தேகப்படப் பழக்கியிருக்கிறார்கள். மற்றவற்றோடு ஒத்துப்போகாத சமிக்ஞையை அது ஒதுக்கிவிடும். கார்ச் சில்லு எவ்வளவு சுற்றியது, வரைபடத்தில் வீதி எங்கே இருக்கிறது என்றும் சரிபார்க்கும்.

நீங்களும் வீதிப் பெயர்ப் பலகைகளை வாசித்துப் பழகுங்கள். 112ஐ அழைக்க வேண்டி வந்தால், நிற்கும் இடத்தை நீங்களே சரியாகச் சொல்லலாம்.

சொல் விளக்கம்
செய்மதி – பூமியைச் சுற்றிவர மனிதர் அனுப்பிய கருவி
தெறித்தல் – ஒன்றில் பட்டு வேறு பக்கம் போதல்
கோடி – 100 இலட்சம், அதாவது 10 மில்லியன்
பிந்துதல் – நேரம் தாழ்த்தி வருதல்

விடை சொல்லுங்கள்
1. சுற்றி வந்த சமிக்ஞை ஏன் பிந்துகிறது?
2. சமிக்ஞை சரியா என்று நவி எப்படிச் சரிபார்க்கிறது?
3. உங்கள் வீட்டுக்கு வரும் வழியை, நவி இல்லாமல், ஐந்து வசனங்களில் எழுதுங்கள்.